நெட்டுக்கு ஜாயிண்ட் போட்ட கதை

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வழி கேட்டு வருகிறவனுக்குக்கூட, வழி தெரியாவிட்டாலும் ஒரு பக்கம் கையைக் காட்டி அனுப்புவேன். (அவர்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்களோ.) இந்தக் குணத்தால் நான் பல முறை அவமானப்பட்டிருக்கிறேன். அவற்றில் பெரியதை மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை எழுத எனக்குப் பொறுமை இல்லை, படிக்க உங்களுக்கும் இருக்காது.

நான் போர்வெல் மோட்டார் மெக்கானிக். புதூர்நாட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் எங்கே மோட்டார் எரிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கீழேயிருந்து வேறு எந்த மெக்கானிக்கும் அந்த வளைவு ரோட்டில் ஏறி வர மாட்டான் என்பது அதற்கு முக்கியக் காரணம். இருபது வருடமாகச் செம்புக் கம்பியோடு பிழைக்கிறேன். எந்த ஒயரை நீட்டினாலும் அதில் கரண்ட் போகிறதா, எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இருந்தது.

என் மனைவி கல்பனா திருப்பத்தூரில் பி.எஸ்சி. படித்தவள். கல்யாணம் செய்து மலைக்குக் கூட்டிவந்தேன். காலையில் ஜீப்பில் இறங்கி, வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஜீப் கிடைத்துத் திரும்பி வருவதெல்லாம் இங்கே நடக்கிற காரியம் இல்லை. பதின்மூன்று வருடமாக அவள் படிப்பு பீரோவில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. அதற்கு நான்தான் காரணம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

போன வருடம் எங்கள் ஊருக்குக் கம்பம் நட்டு ஒயர் இழுத்து இன்டர்நெட் கொண்டுவந்தார்கள். முதலில் வாங்கியது பக்கத்து வீட்டு ஏழுமலை. எனக்குப் பங்காளி, அண்ணன் முறை. மூன்று வருடமாக அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வழித்தடத் தகராறு. யார் பக்கம் நியாயம் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. (என் பக்கம்தான்.) அவன் வாங்கிவிட்டான் என்று தெரிந்த வாரமே நானும் வாங்கினேன். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. கல்பனாவுக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே பீரோவைத் திறந்து கவரை வெளியே எடுத்தாள்.

வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியவர்களுக்குப் போன் செய்து, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். கம்பெனி சென்னையில். இதற்கு முன் எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டு ஒருவரும் பதில்கூடப் போடவில்லை. இந்தக் கம்பெனி மட்டும் இரண்டு சுற்று பேசியது. மூன்றாவது சுற்று, மேனேஜரோடு, சனிக்கிழமை பதினொரு மணிக்கு, வீடியோவில். முந்தின நாள் சாப்பிடும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "இதுவும் போச்சுன்னா இனிமே எங்கியும் அப்ளை பண்ண மாட்டேங்க. போதும்." சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

சனிக்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி, கிழக்கே பார்த்து நின்றால் பேசலாம். வீடியோ எல்லாம் வராது, குரல்தான், அதுவும் காற்று நின்றிருந்தால். பைக்கை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய் நெட்டு கம்பெனி லைன்காரர் ரஃபீக்கைக் கூப்பிட்டேன். திருப்பத்தூரில் இருக்கிறார், தங்கமான மனுஷன்.

"அண்ணா, கீழ ரோடு வேலை நடக்குது. ஜேசிபிகாரன் மெயின் கேபிளை இழுத்து வுட்டுட்டான். ஆளுங்க உக்காந்து சரி பண்ணினு கீறாங்க. பத்தரைக்குள்ள வந்துரும். நீங்க ஒண்ணும் தொடாதீங்க" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் சொல்ல முடியாது. என்ன கோளாறு, எங்கே, யார் பார்க்கிறார்கள், எத்தனை மணிக்கு முடியும், நான் என்ன செய்யக்கூடாது, எல்லாம் சொல்லிவிட்டார். நான் நம்பவில்லை.

ஏன் நம்பவில்லை என்றால், நானும் மெக்கானிக். "இதோ கிளம்பிட்டேன்" என்று நான் போனில் சொல்லும்போது வேறொரு ஊரில் வேறொருவன் போர்வெல்லிலிருந்து பைப் உருவிக்கொண்டிருப்பேன். "பத்தரைக்குள்ள" என்றால் இன்றைக்கு இல்லை என்று பொருள். "ஒண்ணும் தொடாதீங்க" என்றால், நீயே சரிசெய்துவிட்டால் என் பிழைப்பு என்ன ஆவது என்று பொருள். இந்த மாதிரிப் பொய்களை இருபது வருடமாகச் சொல்லிச் சம்பாதிக்கிற என்னிடமே ஒருவன் சொல்கிறானே என்று சிரித்துக்கொண்டேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. சிரித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். கல்பனா பாதி சீவிய தலையோடு வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"வழி சொல்லிக் குடுத்துருக்கான். நானே பாத்துக்கிறேன். நீ போய் ரெடியாவு" என்றேன்.

அவள் நம்பினாள். உள்ளே போய், நாற்காலிக்குப் பின்னால் இருந்த சாமை மூட்டைகள் தெரியாமல் இருக்க ஒரு புதுப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள். கொடியில் போர்வை கோணலாக இருக்கிறதென்று இறக்கி இறக்கிக் கட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஏணியை எடுத்தேன்.

முதலில் மோடத்தை மாடிக்குக் கொண்டுபோனேன். சிரிக்காதீர்கள். மலைக்காரனுக்கு சிக்னல் என்பது ஓர் இடம். வரவில்லை என்றால் மேலே ஏற வேண்டும். பாறை, மரக்கிளை, மாடித் தண்ணீர்த் தொட்டி, இப்படித்தான் நாங்கள் செல்போனோடு இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறோம். எங்கள் ஊரில் சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு கைகளைத் தூக்கியபடி ஒருவன் நடந்தால் பைத்தியம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை இழுத்து, மோடத்தைத் தொட்டியின் மூடிமேல் வைத்தேன். சுவரில் அடித்திருந்த ஒயர் கிளிப்புகள் பட்பட்டென்று பெயர்ந்து வந்தன. விளக்கு சிவப்பாகவே இருந்தது. கிழக்கே திருப்பினேன். மேற்கே திருப்பினேன். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

கீழேயிருந்து என் மகள் நித்யா பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு. "ப்பா, அது செல்லு இல்லப்பா. அதுக்கு ஒயர்லதான் வருது" என்றாள்.

ஒயர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. ஒயர் என் ராஜ்ஜியம். இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று அவளைத் திட்டிவிட்டு, மோடத்தைப் பழைய இடத்தில் வைத்தேன்.

தெருக் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற கறுப்பு ஒயர், வழியில் எங்கள் பலாமரத்தை உரசிக்கொண்டு வரும். ஏணியைச் சாத்தி ஏறிப் பார்த்தேன். கிளை உரசி உரசி ஒயரின் தோல் ஒரு விரற்கடை தேய்ந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கோளாறு கிடைத்துவிட்டது. டெஸ்டரின் முனையைத் தேய்ந்த இடத்தில் குத்தினேன். விளக்கு எரியவில்லை.

"சப்ளை இல்ல" என்று ஏணியிலிருந்து அறிவித்தேன்.

(அந்த ஒயரில் டெஸ்டர் எரியாது. எந்தக் காலத்திலும் எரியாது. நெட்டு பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தாலும் எரியாது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நீங்கள் அன்றைக்கு அங்கே இல்லை.)

கட்டிங் பிளேயரை எடுத்தேன். கல்பனா சேலை கொசுவத்தைக் கையில் பிடித்தபடி வெளியே ஓடி வந்தாள்.

"இன்னாங்க, அத எதுக்கு வெட்றீங்க? ரஃபீக் அண்ணன் வெட்டச் சொன்னாரா?"

"ஆமா."

இந்த "ஆமா"வை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. யோசிக்காமல், தடுமாறாமல், மேஸ்திரிக்குக் கொத்தனார் பதில் சொல்வதுபோல் வந்தது.

வெட்டினேன்.

பல்லால் தோலைக் கடித்து உரித்தேன், எங்கள் தொழிலில் அப்படித்தான். உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகுக் கம்பிகள். நடுவில் தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு நூல். செம்பு கொஞ்சம்கூட இல்லை. கம்பெனிக்காரன் செம்புக்குப் பதில் எஃகைப் போட்டு ஏமாற்றியிருக்கிறான் என்று கோபம் வந்தது. இருந்தாலும் எஃகிலும் கரண்ட் போகும், சமாளிக்கலாம். நடுவிலிருக்கும் நூல் எதற்கு? சிமெண்ட் மூட்டை வாயில் தைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஏதோ பேக்கிங் நூல் என்று தீர்மானித்தேன். இழுத்தேன். பட்டென்று ஒடிந்து, ஒரு துண்டு என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. பேக்கிங் நூலே இப்படிக் குத்தினால் இவன் ஒயர் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று கம்பெனிக்காரனின் குடும்பத்தையே திட்டினேன். ஜாயிண்டுக்குக் குறுக்கே வரக்கூடாதென்று இரண்டு பக்கமும் அந்த நூலை நன்றாக உள்ளே வரைக்கும் நறுக்கி, கீழே போட்டேன்.

பிறகு எஃகுக் கம்பியோடு எஃகுக் கம்பியைச் சேர்த்து முறுக்கினேன். பிளேயரால் இறுக்கினேன். டேப் மூன்று சுற்று. நான் வாழ்க்கையில் போட்ட ஜாயிண்டுகளிலேயே அதுதான் அழகானது. ஜேசிபி வந்து இழுத்தாலும் விடாது. ஏணியிலிருந்து இறங்கிப் பத்தடி தள்ளி நின்று ஒரு முறை பார்த்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மணி பத்து இருபது. மோடத்தை ஆன் செய்தேன். சிவப்பு. கொஞ்சம் சூடாகட்டும் என்றேன். கல்பனா நாற்காலியில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆஃப் செய்தேன், ஆன் செய்தேன். சிவப்பு.

அப்போது ஏழுமலை வீட்டு டிவியில் ஒரு ஆள், ஆட்டுக்காலை எப்படிச் சுட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தான். அவர்கள் வீட்டில் கேபிள் கிடையாது. நெட்டில்தான் டிவி ஓடும்.

வேலிப் பக்கமிருந்து ஏழுமலையின் மனைவி சரோஜா குரல் கொடுத்தாள். எங்கள் வீட்டுப் பெண்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பேசிக்கொள்வார்கள், ஆண்களுக்குத்தான் தகராறு. "கல்பனா, உங்க வூட்ல வந்துச்சா? எங்களுக்கு இப்பதான் வந்துச்சி. பாய் சொன்ன மாதிரியே பத்தரைக்குள்ள வந்துட்டுது பாரு. எங்க வூட்டுக்காரரு போன் பண்ணப்பவே பாய் சொல்லிட்டாராம், உங்க வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்னு."

கல்பனா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பத்தரைக்கு வரும்னு சொன்னாரா?"

"சொன்னான். நான்தான் நம்பல."

"அப்ப வெட்டச் சொல்லல."

நான் மோடத்தின் பின்பக்கத்தைத் துடைத்தேன். அதில் தூசு எதுவும் இல்லை.

நித்யாதான் அடுத்ததைக் கேட்டாள். "ப்பா, உள்ள கண்ணாடி நூல் மாதிரி ஒண்ணு இருந்துருக்குமே, அது எங்க? அதுல வெளிச்சமா போறதுதாம்ப்பா நெட்டு. எங்க மிஸ் சொல்லியிருக்காங்க."

நேராக வெளியே போனேன். பலாமரத்தடியில் மண்டியிட்டு, சருகை விலக்கி விலக்கி, அந்த நூலைத் தேடினேன். தேடிக் கிடைத்தால் என்ன செய்வதாக இருந்தேன் என்று கேட்காதீர்கள். முடிச்சுப் போட்டிருப்பேன். அதுதான் எனக்குத் தெரியும். நாற்பத்துமூன்று வயதில், பலாப்பிசினும் எறும்பும் ஒட்டிய கையோடு, ஒரு முடியைத் தேடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அவளுக்கு வந்த ஒரே ஒரு சந்தர்ப்பத்தை, பேக்கிங் என்று நினைத்து நறுக்கிக் கீழே போட்டிருக்கிறேன். ஜேசிபிகாரன்கூடத் தெரியாமல்தான் அறுத்தான். அதை இரண்டு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். நான் தெரிந்து, ஏணி போட்டு, அளவெடுத்து அறுத்தேன்.

நிமிர்ந்தபோது கல்பனா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கொடியிலிருந்து உருவிய போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலிப் படலைத் திறந்துகொண்டிருந்தாள். பதினொன்றுக்கு இன்னும் எட்டு நிமிடம்.

"அவன் வூட்டுக்கா போற?" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்கு ரோஷம் வந்தது பாருங்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "பின்னாடி வராதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவர்கள் வீட்டில் ஒரே ஓட்டம். டிவி நின்றது. சரோஜா கோழிகள்மேல் கூடையைக் கவிழ்த்தாள். ஏழுமலை நாயை அவிழ்த்துப் பின்பக்கம் இழுத்துப் போனான். புளி வைத்திருந்த அறையில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்து வெளியே வந்த ஏழுமலை என்னைப் பார்த்தான். மூன்று வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"டேய், அங்க நின்னு பெருமூச்சு வுடாத. மைக்குல கேக்கும்."

மூச்சைக் குறைத்துக்கொண்டேன்.

அறையின் ஜன்னல் எங்கள் பக்கம்தான். கல்பனாவின் குரல் கேட்டது. முதலில் கொஞ்சம் நடுங்கியது, பிறகு நிமிர்ந்துவிட்டது. இவளுக்கு இவ்வளவு தெளிவாகப் பேச வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் நான்தான் பேசுவேன். அந்தப் பக்கம் மேனேஜர் ஏதோ கேட்டார். அதற்குக் கல்பனா, "மலையிலதான் சார் இருக்கோம். காலையிலகூட எங்க வீட்ல கனெக்‌ஷன் போயிடுச்சு. உடனே பக்கத்து வீட்டுக்கு வந்துட்டேன், இப்ப அங்கேருந்துதான் பேசறேன்" என்றாள். கனெக்‌ஷன் ஏன் போனது என்று மேனேஜர் கேட்டிருக்க வேண்டும். நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"லோக்கல் ஃபால்ட் சார்" என்றாள் கல்பனா.

ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் ஓடினான்.

ரஃபீக் ஒன்பது நாள் கழித்து, கண்ணாடி நூலை ஒட்டுகிற மெஷினோடு வந்தார். ஏணியில் ஏறி என் ஜாயிண்டைப் பார்த்தவர் ரொம்ப நேரம் இறங்கவில்லை. பிறகு, "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இத நான் எடுத்துட்டுப் போலாமா? ஆஃபீஸ்ல காட்டணும்" என்றார். கொடுத்தேன். அது இப்போது அவர்கள் ஆஃபீஸ் சுவரில் ஆணியடித்துத் தொங்குவதாகக் கேள்வி. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அதைக் காட்டுவார்களாம்.

கல்பனாவுக்கு வேலை கிடைத்தது, திங்கட்கிழமையே சேரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் லைன் இல்லாததால் முதல் வாரம் முழுவதும் ஏழுமலை வீட்டுப் புளி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ரஃபீக் வந்துபோன மறுநாள் காலை எங்கள் வீட்டில் பச்சை விளக்கு எரிந்தது. நாற்காலியைத் துடைத்து, போர்வையை நேராகக் கட்டி, எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலிப் படலைத் திறந்தாள்.

"இங்கதான் வந்துடுச்சே" என்றேன்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என் தலையெழுத்து. அமைதியாகச் சொன்னாள்: "அங்க நெட்டு போனா, வர்ற வரைக்கும் எல்லாரும் சும்மா உக்காந்துனு இருப்பாங்கங்க. எனக்கு அதான் வேணும்."

எட்டு மாதம் ஆகிறது. இன்றும் அங்கேதான். அறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறார்கள், மின்விசிறி போட்டிருக்கிறார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு மோர் எடுத்துக்கொண்டு நான் வேலியோரம் போய் நிற்க வேண்டும். உள்ளே போக எனக்கு அனுமதி உண்டு, ஏழுமலையே சொல்லிவிட்டான். ஒரு நிபந்தனை, கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள் யாராவது வந்து கல்பனா எங்கே என்று கேட்டால், நித்யா, "அம்மா ஆஃபீஸ் போயிருக்காங்க, பக்கத்து வூட்ல" என்பாள். உங்க வூட்லயே நெட்டு இருக்கே, அப்புறம் ஏன் அங்கே என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அவள் உடனே வெளியே ஓடிப்போய், எல்லோரும் வரும்வரை யாரும் கதையை ஆரம்பிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சரோஜாவையும் ஏழுமலையையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, வந்தவர்களிடம் திரும்பிச் சொல்லுவாள்:

"அத எங்கப்பா சொன்னாத்தான் நல்லாருக்கும்."